போனுக்குள் ஒரு லேப், லேத்துக்குள் ஒரு பை: ஒரகடம் ரோட்டில் கணக்கும் அறிவியலும் காசில்லாமல் கிடைக்கிறது, தெரியுமா?

இருங்காட்டுக்கோட்டையில் கார், ஒரகடத்தில் லாரி, டயர், புல்லட், ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி, சுங்குவார்சத்திரம் பக்கம் போன்! உலகமே வாங்கும் சாமான் இந்த நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்குள் தயாராகிறது. ஆனால் இதே ரோட்டில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். "பையனுக்குக் கணக்கு வரலைங்க, டியூஷன் ஃபீஸ் கட்ட முடியலை" என்ற புலம்பல்தான் காதில் விழும். கட்டவே வேண்டாம் என்றால்? ஒரு பைசா வாங்காமல் உலகத்தின் பெரிய பெரிய வாத்தியார்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்றால்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்!

"எல்லோருக்கும் சொல்லிவிடு" என்று கிளம்பியவர் இந்த ஊர்க்காரர், தெரியுமா?

1017-ல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர் இராமானுஜர். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடையாய் நடந்து ரகசிய மந்திரத்தைக் கற்றார். கற்ற கையோடு ஊரைக் கூட்டி, கோயில் மேலேறி எல்லோருக்கும் உரக்கச் சொல்லிவிட்டார் என்கிறது வைணவ மரபு. குருவின் கோபத்துக்கு அவர் பயப்படவில்லை. பூட்டி வைக்காத அறிவு என்ற எண்ணம் இந்த மண்ணுக்கு ஆயிரம் வருஷப் பழசு! இன்றைக்கு அதே வேலையை யார் யார் செய்கிறார்கள் என்பதுதான் இனி வரும் ஆச்சரியம்.

உங்கள் சட்டைப்பையில் ஒரு இயற்பியல் லேப் இருக்கிறது, தெரியுமா?

ஃபைஃபாக்ஸ் என்று ஒரு செயலி. ஜெர்மனியின் ஆகன் நகரத்துப் பல்கலைக்கழக இயற்பியல்காரர்கள் 2016-ல் வெளியிட்டது. கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை. உங்கள் போனுக்குள் ஏற்கெனவே இருக்கும் சென்சார்களைத் திறந்து, அவை அளப்பதை அப்படியே உங்கள் கண்ணுக்குக் காட்டிவிடும். அவ்வளவுதான் அதன் வேலை!

போனை மேசைமேல் சும்மா வையுங்கள். முடுக்கம் 9.8 என்று காட்டும். அட, அசையாத பொருளுக்கு ஏது முடுக்கம்? மேசை அதை மேல்நோக்கித் தாங்கிப் பிடிக்கிறதே, அந்த விசையைத்தான் சென்சார் உணர்கிறது. இப்போது தடித்த தலையணைக்கு மேலே ஓரடி உயரத்தில் போனைப் பிடித்து விட்டுவிடுங்கள். விழும் அந்தக் கண நேரம் மட்டும் அளவு பூஜ்யத்துக்குப் போய்விடும்! ஐன்ஸ்டீனைப் பல வருஷம் யோசிக்க வைத்த விஷயம் இது. இங்கே அதற்கு ஒரு தலையணை போதும். காரில் ஏர்பேக் எந்த நொடியில் விரிய வேண்டும் என்று முடிவெடுக்க உதவுவதும் இதே வகைச் சிப்தான்.

இன்னொன்று, இதற்கு இரண்டு போன் வேண்டும். செயலியில் ஒலியைக் கேட்டு ஓடும் ஸ்டாப்வாட்ச் ஒன்று உண்டு. ஒரு கைதட்டலுக்கு ஓடத் தொடங்கும், அடுத்த கைதட்டலுக்கு நிற்கும். இரண்டு போனையும் சரியாக 5 மீட்டர் தள்ளி வையுங்கள். முதல் போன் பக்கத்தில் நின்று அண்ணன் கை தட்டட்டும். இரண்டு கடிகாரமும் ஓடும். சில வினாடி கழித்து இரண்டாம் போன் பக்கத்தில் நின்று தங்கச்சி தட்டட்டும், இரண்டும் நிற்கும். இரண்டிலும் ஒரே நேரமா காட்டும்? இல்லை! சத்தம் 5 மீட்டர் போக ஒரு தடவை, வர ஒரு தடவை தாமதம் ஆகியிருக்கிறது. அந்த வித்தியாசம் 0.029 வினாடிக்குப் பக்கத்தில் வரும். மொத்தத் தூரம் 10 மீட்டரை 0.029-ஆல் வகுங்கள்: வினாடிக்கு 345 மீட்டர் சொச்சம். ஒலியின் வேகத்தை வீட்டு வராந்தாவில் அளந்துவிட்டீர்கள்! ஃபேனை நிறுத்திவிட்டு நாலைந்து தடவை செய்து சராசரி எடுத்தால் நம் ஊர் வெயிலுக்குரிய 349-க்குக் கிட்டே வரும். ஆன செலவு? பூஜ்யம்.

கம்பெனி பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தனி விருந்து. ஒரகடம் கூட்ரோட்டில் டிரைவர் பிரேக் அடிக்கும்போது போனைத் தொடைமேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு வரைபடத்தைப் பாருங்கள். பாடப் புத்தகத்தின் "எதிர் முடுக்கம்" என்ன உயரம் என்று தெரிந்துவிடும்.

லேத்தில் தினமும் "பை" சுற்றுகிறது, தெரியுமா?

பத்தாம் வகுப்போடு பை-க்குக் கும்பிடு போட்டுவிட்டதாக நினைக்கும் டர்னர் தம்பிகளே, ஒரு நிமிஷம்! 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஜாப் ஒன்றை நிமிஷத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகத்தில் கடைய வேண்டும். லேத்தை எத்தனை ஆர்.பி.எம்.மில் வைப்பீர்கள்? ஜாப் ஒரு சுற்றுச் சுற்றினால் டூலைக் கடந்து போகும் நீளம் 3.14 × 50 = 157 மில்லிமீட்டர், அதாவது 0.157 மீட்டர். 25-ஐ 0.157-ஆல் வகுத்தால் 159. அதற்கு நெருக்கமான கியரைப் போடுங்கள், முடிந்தது வேலை. வட்டத்தின் சுற்றளவு தெரியாமல் ஒரு ஷாஃப்ட்டும் இந்த ரோட்டில் உருவாவதில்லை!

இந்தக் கணக்கையெல்லாம் சொல்லித் தரும் புத்தகம் எங்கே தயாராகிறது தெரியுமா? பக்கத்தில், சென்னை கிண்டியில்! 1986-ல் ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய நிறுவனம் இன்று நிமி என்ற பெயரில் நாடு முழுக்க ஐ.டி.ஐ. மாணவர்களுக்குப் புத்தகம் தயாரிக்கிறது. ஒவ்வொரு டிரேடுக்கும் செய்முறை, கோட்பாடு, அவற்றோடு பணிமனைக் கணக்கும் அறிவியலும். மத்திய அரசின் பாரத் ஸ்கில்ஸ் தளத்தில் இந்தப் புத்தகங்களும் வினா வங்கியும் இலவசம். ஐ.டி.ஐ.யில் சேராதவரும் எடுத்துப் படிக்கலாம். காண்ட்ராக்டில் ஹெல்பராக இருப்பவர் வெர்னியர் பார்க்கக் கற்றுக்கொள்ள யாரைக் கெஞ்ச வேண்டும்? யாரையும் வேண்டாம்.

வெர்னியர் என்றதும் ஒரு குட்டி அதிசயம். பணிமனை வெர்னியரில் மெயின் ஸ்கேலின் 49 மில்லிமீட்டரை நகரும் ஸ்கேலில் 50 பங்காகப் போட்டிருப்பார்கள். ஒரு பங்குக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் உள்ள வித்தியாசம் 0.02 மில்லிமீட்டர். அதுதான் லீஸ்ட் கவுன்ட். பேட்டரி கிடையாது, சிப் கிடையாது. வெறும் இரண்டு ஸ்கேல், ஒரு கழித்தல் கணக்கு. மயிரிழையின் தடிமனைவிடச் சின்ன அளவு கையில் சிக்கிவிடுகிறது!

லாரிக் கம்பெனி இன்ஜினியர் ஒருவர் தீக்குச்சியால் பாடம் நடத்தினார், தெரியுமா?

அரவிந்த் குப்தா. ஐ.ஐ.டி. கான்பூரில் படித்தவர், புனேயில் டாடாவின் லாரித் தொழிற்சாலையில் இன்ஜினியர். 1978-ல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளுக்குப் போனார். அங்கே அவர் கையில் எடுத்த கருவிகள் இரண்டு: தீக்குச்சி, சைக்கிள் கடையில் வால்டியூப் என்று கேட்டால் கிடைக்கும் மெல்லிய ரப்பர் குழாய். அப்புறம் அவர் லாரிக்குத் திரும்பி நெடுநாள் இருக்கவில்லை. குப்பையிலிருந்து பொம்மை செய்து அறிவியல் சொல்வதே அவர் வேலையானது. 2018-ல் பத்மஸ்ரீ வந்தது. அவருடைய தளத்தில் பொம்மைகளின் செய்முறை, படங்கள், புத்தகங்கள் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. தமிழிலும் உண்டு. எடுத்துக்கொள்ளலாம், நகல் எடுக்கலாம், ஊருக்கே கொடுக்கலாம்.

இப்போதே செய்து பாருங்கள். மருந்தைச் சுரண்டிவிட்ட நாலு குச்சி, நாலு துண்டு வால்டியூப்: ஒரு சதுரம். ஒரு மூலையை அழுத்துங்கள், கோணிக்கொண்டு சாய்சதுரம் ஆகிவிடும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்யுங்கள்: எவ்வளவு அழுத்தினாலும் அசையாது! தலைநிமிர்ந்து தொழிற்சாலைக் கூரையைப் பாருங்கள். ஏன் அத்தனை முக்கோணம் என்று புரிந்துவிடும்.

அடுத்த படி இன்னும் ருசி. ஒரு கனசதுரம் செய்யுங்கள். 8 மூலை, 12 குச்சி. ஆடிக்கொண்டே இருக்கும். ஆட்டம் நிற்க இன்னும் எத்தனை குச்சி வேண்டும்? மூலைகளை 3-ஆல் பெருக்கி 6-ஐக் கழித்துப் பாருங்கள்: 24 − 6 = 18. கையில் 12 இருக்கிறது. ஆக, இன்னும் 6. முகத்துக்கு ஒன்றாக ஆறு குறுக்குக் குச்சி போடுங்கள், நிமிர்ந்து நிற்கும்! நான்முகிக்குப் போட்டுப் பாருங்கள்: 4 மூலை, 12 − 6 = 6. அதில் இருப்பதே 6 குச்சி. அதனால்தான் அது பிறவியிலேயே உறுதி. இந்த எண்ணிக்கையை 1864-ல் எழுதி வைத்தவர், மின்காந்த அலையைக் கணக்கிலேயே கண்டுபிடித்த அதே மேக்ஸ்வெல். பொறியியல் கல்லூரிப் பாடம், ஒரு தீப்பெட்டி விலையில்!

அரசுப் பாடப் புத்தகத்துக்குள் ஒரு ரகசியக் கதவு இருக்கிறது, தெரியுமா?

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 1 முதல் 12 வரை தமிழிலும் ஆங்கிலத்திலும் பி.டி.எஃப். ஆக இலவசம். இது பலருக்குத் தெரியும். 2018-ல் வந்த புதிய புத்தகங்களில் மூலைக்கு மூலை கியூ.ஆர். கட்டங்கள் இருப்பதும் தெரியும். அதை ஸ்கேன் செய்து பார்த்தவர் எத்தனை பேர்?

கணக்குப் புத்தகத்தில் "இணையச் செயல்பாடு" என்று ஒரு பக்கம் வருமே, பரீட்சைக்கு வராது என்று புரட்டிவிடுவோமே, அங்கேதான் கதவு! திறந்தால் ஜியோஜீப்ரா. ஆஸ்திரியாவில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்ற மாணவர் 2001-ல் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய மென்பொருள் அது. முக்கோணத்தின் ஒரு மூலையைப் பிடித்து இழுங்கள். கோணங்கள் மாறிக்கொண்டே இருக்கும், கூட்டல் மட்டும் 180-ஐ விட்டு நகராது. கரும்பலகை ஒரு முக்கோணத்தைக் காட்டும். இது ஆயிரம் முக்கோணத்தைக் காட்டும்.

அசையும் படத்தோடு பாடம் வேண்டுமா? மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி நிறுவனம் 2023-ல் விட்ட மணற்கேணி செயலி இருக்கிறது. 2019 முதல் ஓடும் கல்வி தொலைக்காட்சி இருக்கிறது. நெட் தீர்ந்துபோனவர் வீட்டில் டி.வி.யாவது இருக்குமே!

நோபல் பரிசுக்காரர் சர்க்யூட் மாட்டக் கற்றுத் தருகிறார், தெரியுமா?

கார்ல் வீமன், 2001-ல் இயற்பியல் நோபல் பெற்ற அமெரிக்கர். மறு வருஷமே அவர் தொடங்கியதுதான் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் என்ற இலவசத் தளம். திரையில் பேட்டரி, பல்பு, வயர், சுவிட்ச் கிடக்கும். இழுத்து மாட்டினால் எலெக்ட்ரான் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். நேராக ஷார்ட் செய்தால் திரையிலேயே தீப்பிடிக்கும்! வீட்டு ஃபியூஸ் போகாது, அப்பா திட்ட மாட்டார். இப்படிப்பட்ட பல திரைச் சோதனைகள் தமிழிலும் கிடைக்கின்றன. ஒரு தடவை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலும் ஓடும். லேப் அறைக்குப் பூட்டு மாட்டியிருக்கும் பள்ளிக்கு இதைவிட வேறென்ன சாவி வேண்டும்?

ஐ.ஐ.டி. வகுப்பறைக்கு நுழைவுத் தேர்வே இல்லை, தெரியுமா?

உள்ளே உட்காரத்தான் ஜே.இ.இ. பாடம் கேட்க வேண்டாம்! ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டெல் திட்டத்தின் தலைமையிடம் ஐ.ஐ.டி. மெட்ராஸ். ஒரகடத்திலிருந்து ஒரு பஸ் தூரம். வெல்டிங், வெப்பப் பரிமாற்றம், கால்குலஸ், குவாண்டம் என்று நீங்கள் பெயர் சொல்லுங்கள், வகுப்பு இருக்கும். வீடியோ இலவசம், பதிவு இலவசம். சான்றிதழ் வேண்டும் என்று தேர்வு எழுதினால்தான் கட்டணம். பல பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் வந்திருக்கிறது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு? அதே ஐ.ஐ.டி. வளாகத்தின் பிரவர்தக் அமைப்பு 2022 முதல் மாற்றி யோசிக்கும் கணிதத்தை இணைய வழியில் இலவசமாகச் சொல்லித் தருகிறது. கம்ப்யூட்டர் கற்கத் துடிப்பவருக்கு ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல்: பைத்தான், சி, சைலாப் எல்லாம் பத்து நிமிஷத் துண்டுகளாக, தமிழ்க் குரலிலேயே!

சொந்தக்காரப் பெண்ணுக்கு 2004-ல் தொலைபேசியில் கணக்கு சொல்லிக் கொடுக்க ஆரம்பித்த சல்மான் கானின் கான் அகாடமியும், 1960-களில் ஃபெய்ன்மன் நடத்திய இயற்பியல் வகுப்புகளின் மூன்று தொகுதிகளும் இதே விலைதான்: இலவசம். ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்தால் ஃபெய்ன்மனை விட்டுவிடாதீர்கள்.

பாக் நீரிணைக்கு அந்தப் பக்கமும் தமிழில் பாடம் இருக்கிறது, தெரியுமா?

இலங்கைக் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பாடம் வைத்திருக்கிறது. உயர்தர வகுப்புக் கணிதமும் இயற்பியலும் தமிழிலேயே. அங்கே பௌதிகவியல் என்றால் நம் இயற்பியல், இரசாயனவியல் என்றால் வேதியியல். இந்தச் சிறு குறிப்பு கையில் இருந்தால் போதும். ஒரே கணக்கை வேறொரு வாத்தியார் வேறு வழியில் போடுவதைப் பார்ப்பதே பாதிப் படிப்பு!

நம் பக்கத்தில், பெரியசாமித் தூரன் தலைமையில் 1950-களிலும் 60-களிலும் வெளிவந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் முழுசாகக் கிடைக்கிறது. அணு முதல் அண்டம் வரை அழகான தமிழில்.

ஒடிசாவிலிருந்து வந்த பிள்ளைக்கும் வழி இருக்கிறது, தெரியுமா?

மாத்தூர், வல்லம் பக்கம் வாடகை வீடுகளில் ஒடியாவும் இந்தியும் கேட்கிறதா? அந்த வீட்டுப் பிள்ளை இங்கே தமிழ் வகுப்பில் திருதிருவென முழிக்கிறதா? 2017 ஆசிரியர் தினத்தன்று தொடங்கிய தீக்ஷா தளத்தில் மாநிலத்துக்கு மாநிலம் பாடங்கள் அந்தந்த மொழியில் இருக்கின்றன. பின்னத்தை முதலில் தாய்மொழியில் புரிந்துகொள்ளட்டும், தமிழை இங்கே தெருவில் விளையாடியே கற்றுக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரர் போனில் நீங்கள் அதைத் திறந்து காட்டினால் போதும்.

நூலகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே காசு கட்டிவிட்டீர்கள், தெரியுமா?

வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரி! விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டமான 1948-ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டம் போட்ட ஏற்பாடு இது. அந்தச் சட்டத்துக்காக ஓயாமல் பாடுபட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். அவர் அடிப்படையில் யார் தெரியுமா? கணக்கு வாத்தியார்! மாநிலக் கல்லூரியில் கணிதம் நடத்திக்கொண்டிருந்தவர் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். புத்தகங்களை அடுக்குவதற்கே புதுக் கணக்கு ஒன்றை உலகத்துக்குக் கொடுத்தார்.

நூலகப் புத்தகம் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்குக் கும்பகோணத்தில் பதில் இருக்கிறது. 1903-ல், கல்லூரி நூலகத்துப் புத்தகம் ஒன்று இரவலாகப் பள்ளி மாணவன் சீனிவாச ராமானுஜன் கைக்கு வந்தது. கார் என்பவர் தொகுத்தது. ஆயிரக்கணக்கான கணித முடிவுகள், பெரும்பாலும் விளக்கமே இல்லாமல். ஒவ்வொன்றையும் தானே நிறுவிப் பார்க்க உட்கார்ந்த பையன் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தான். அந்த ஒரு பிரதிக்காகக் காத்திருக்க வேண்டிய காலம் போய்விட்டது. அதே கார் புத்தகம் இன்று இன்டர்நெட் ஆர்க்கைவில் யாருக்கும் இலவசம்!

ஒரே வளாகத்தில் 18,720 படுக்கை, தெரியுமா?

வல்லம் வடகாலில் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் விடுதியின் கொள்ளளவு அது. செலவு ரூ.706.50 கோடி. பிளஸ் டூ முடித்த கையோடு வேலைக்கு வந்த பெண்கள் இந்த ரோடு நெடுக இருக்கிறார்கள். ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் மூன்று மணி நேர வகுப்பு யாராலும் முடியாது. ஆனால் பத்து நிமிஷத் துண்டு முடியும். மேலே சொன்னதில் பலவற்றைப் பத்து நிமிஷத் துண்டுகளாகப் படிக்கலாம். டிப்ளமோ லேட்டரல் என்ட்ரியோ, அஞ்சல் வழிப் பட்டமோ, அரசுத் தேர்வோ, எதற்குக் கிளம்பினாலும் முதல் படி மறந்துபோன கணக்கைத் தூசி தட்டுவதுதான்.

கடைசியாக, எது இலவசம் இல்லை என்பதும் தெரியுமா?

"ஃப்ரீ டெமோ கிளாஸ்" என்று வீட்டுக்கே வந்து, பிள்ளைக்கு நாலு கேள்வி கேட்டு, "உங்க பையன் ரொம்ப வீக்" என்று பயமுறுத்தி, டேப் ஒன்றைக் கையில் கொடுத்து இ.எம்.ஐ.யில் கையெழுத்து வாங்குவது இலவசம் இல்லை. ஏழு நாள் ட்ரையலுக்குக் கார்டு நம்பர் கேட்பதும் இலவசம் இல்லை. மேலே சொன்ன எதிலும் பாடத்தைப் பார்க்கக் கார்டு நம்பரோ கையெழுத்தோ கேட்பதில்லை. கேட்டால், நீங்கள் வேறு எங்கோ போய்விட்டீர்கள் என்று அர்த்தம், மூடிவிடுங்கள்.

இவ்வளவையும் படித்துவிட்டு எல்லாச் செயலியையும் ஒரே ராத்திரியில் இறக்காதீர்கள். இறக்கினவர் திறப்பதில்லை. ஒன்று போதும். எட்டாவது வரை படிக்கிற பிள்ளைக்குத் தீக்குச்சியும் வால்டியூப்பும். ஒன்பது, பத்துக்கு ஜியோஜீப்ராவும் ஃபெட்டும். பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு ஃபைஃபாக்ஸ். ஐ.டி.ஐ., அப்ரன்டிஸ் தம்பி தங்கைகளுக்குப் பாரத் ஸ்கில்ஸ். டிப்ளமோவுக்கு மேலே என்.பி.டெல். வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருங்கள், உங்களுக்குக் கணக்கு தெரிய வேண்டும் என்ற அவசியமே இல்லை, "ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்கத் தெரிந்தால் போதும். உங்களுக்குப் பயன்பட்டதை லைனில் பக்கத்தில் நிற்பவரிடமும் சொல்லிவிடுங்கள். இந்த ரோட்டில் பற்றாக்குறை காசுக்கு மட்டுமல்ல, இப்படியெல்லாம் இருக்கிறது என்று சொல்லும் ஆளுக்கும்தான்.